போய் ரெண்டு கொப்பு நொச்சி ஒடிச்சிட்டு வா

என் அப்பத்தா வாயிலிருந்து ‘மூலிகை’ என்ற சொல்லை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நொச்சி என்பாள், தூதுவளை என்பாள், குப்பைமேனி என்பாள். பேர் வாயில் வராததைப் பச்சிலை என்று முடித்துவிடுவாள். அவள் என்னிடம் அதிகம் சொன்னது இதுதான்: “போய் ரெண்டு கொப்பு நொச்சி ஒடிச்சிட்டு வா.” எனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். வீட்டில் யாருக்காவது சளி கட்டியிருக்கும். நான் கொல்லை வேலிக்கு ஓடுவேன்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் நிலம் ஒடுங்கிப் போகும் இடத்தில் எங்கள் ஊர். வடக்கே நடந்தால் ஒரு கடல், தெற்கே நடந்தால் இன்னொரு கடல். பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த பேர். எங்களுக்கு வடகடல், தென்கடல். நடுவில் மணல், பனை, குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரம், ஒன்றிரண்டு ஊருணி. வேற்றூர்க்காரர்கள் பார்த்தால் இங்கே என்ன முளைக்கும் என்று கேட்பார்கள். அப்பத்தாவுக்கு வேண்டியதெல்லாம் முளைத்தது.

நான்கு வருஷத்துக்கு முன்பு சென்னையிலிருந்து மகளோடு ஊருக்குத் திரும்பி வந்தேன். அவளுக்கும் அப்போது ஐந்து வயதுதான். அவள் போன பள்ளியில் ஒரு மூலிகைத் தோட்டம் வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு வைத்ததுதான். ஒவ்வொரு செடிக்கும் ஒரு பச்சைப் பலகை, அதில் பேர், கீழே ‘பயன்கள்’ என்று மூன்று வரி. ஆண்டு விழாவில் மேடை ஏறி இருபது செடியின் பேரும் பயனும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கை தட்டினோம். மறுநாள் அந்தத் தோட்டத்துக்கே கூட்டிப்போய், “கீழாநெல்லி எது, காட்டு” என்றேன். அவள் பலகையைக் காட்டினாள். பலகைக்குக் கீழே இருந்த கீழாநெல்லி எப்போதோ காய்ந்து போய், அந்த இடத்தில் வேறு ஏதோ களை தழைத்திருந்தது. பிள்ளை அதைத்தான் கீழாநெல்லி என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பேர் தவறாகப் போனது கூடப் பெரிதில்லை. ‘மஞ்சள் காமாலைக்கு மருந்து’ என்று பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கிறது, செடி எது என்று தெரியவில்லை. நாளைக்கு அவள் அந்தக் களையைப் பிடுங்கி யாருக்காவது அரைத்துக் கொடுத்தால்?

அப்பத்தா எனக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தாள் என்று யோசித்தேன். சொல்லியே கொடுக்கவில்லை. அனுப்பினாள், அவ்வளவுதான். “நொச்சி ஒடிச்சிட்டு வா” என்று அனுப்பும்போதே அதோடு சில வார்த்தைகள் வரும். கொழுந்தைக் கிள்ளாதே. ஒரே மரத்தில் ஒடிக்காதே. அஞ்சு விரல் மாதிரி இலை இருக்கும், சிலதில் மூணுதான் இருக்கும், அதுவும் நொச்சிதான். கசக்கி மோந்து பாரு. விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடாதே, அது தூங்குது. நான் தப்பாகக் கொண்டுவந்தால் திட்ட மாட்டாள். அதைத் தன் கையில் வாங்கிக் கசக்கி என் மூக்குக்குக் கீழே நீட்டுவாள். “இதுவா நொச்சி? நீயே சொல்லு.” மறுபடி ஓடுவேன். அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு மூக்கிலிருந்து போகவில்லை.

ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பும்போது பிள்ளைக்கு அது தன் பொறுப்பு என்று படுகிறது. வீட்டில் யாருக்கோ உடம்பு முடியவில்லை, தன் கையில் இருக்கும் இலைக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய விஷயம். நாம் ஏவுவதை நிறுத்தினோம். மெடிக்கலில் சிரப் கிடைக்கிறது, நாட்டு மருந்துக் கடையில் எல்லாம் பொடியாகப் பாக்கெட்டில் கிடைக்கிறது. பொடியில் இலை எப்படி இருக்கும் என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்?

சரி, நாமே தொடங்கலாம் என்று சனிக்கிழமை காலையில் என் மகளையும் தெருவில் உள்ள ஏழெட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தோம். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், பனையேறி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், கடலில் பாசி எடுக்கப் போகும் ஒரு அக்காவின் மகன். வயது நாலிலிருந்து எட்டு வரை. கூட என் அம்மா. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு செடி என்பது அம்மா போட்ட சட்டம். அடுத்த வாரமும் அதே செடியைப் பிள்ளைகளே கண்டுபிடித்தால்தான் புதுச் செடி.

முதல் மூன்று வாரமும் தொடக் கூடாத செடிகள்தான். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காரணம் இருக்கிறது.

எனக்கு ஏழு வயதில், தம்பி காலில் கருவேல முள் குத்தி உள்ளேயே ஒடிந்துவிட்டது. எருக்கம்பால் வைத்தால் முள் மேலே வரும் என்று பெரியவர்கள் செய்து பார்த்திருக்கிறேன். அப்பத்தா ஊருணிக்குப் போயிருந்தாள். நானே போய் எருக்கை ஒடித்தேன். வெடுக்கென்று ஒடிந்த வேகத்தில் பால் தெறித்து வலது கண்ணில் விழுந்தது. பெரிதாக வலிக்கவே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பிக்கு வைத்தியம் பார்த்தேன். சாயங்காலம் விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றிப் புகை மாதிரி வட்டம். காலையில் வலது கண்ணுக்கு எல்லாம் பனி மூடிய மாதிரி இருந்தது. அப்பத்தா என்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிய அந்தக் காலையை மறக்க முடியாது. சொட்டு மருந்து போட்டு, பார்வை தெளியப் பல நாள் ஆயிற்று. எருக்கம்பால் கண்ணில் பட்டால் இப்படித்தான்: வலி குறைவாக இருப்பதால் ஆட்கள் சும்மா இருந்துவிடுவார்கள், கருவிழி உள்ளுக்குள் வீங்கிக்கொண்டிருக்கும். உடனே நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவ வேண்டும், அப்புறம் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு முதல் செடி எருக்கு. தள்ளி நின்று பார்த்தார்கள், நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒடித்துக் காட்டினேன், பால் எப்படித் துளிர்க்கிறது என்று பார்த்தார்கள். இரண்டாவது, வேலிக் காட்டாமணக்கு. அதன் காம்புப் பாலில் முட்டை ஊதி விளையாடாத பிள்ளை ஊரில் இருக்காது. ஆனால் அதன் கொட்டை, உடைத்தால் நிலக்கடலை மாதிரி வெள்ளையாக, தின்றால் ருசியாகக் கூட இருக்கும். கொஞ்ச நேரத்தில் வாந்தியும் பேதியுமாகப் பிள்ளை துவண்டுவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகத் தின்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த செய்தி அடிக்கடி வருகிறது. மூன்றாவது குன்றிமணி, அந்தச் சிவப்பும் கறுப்பும். அழகுக்காகவே கையில் எடுப்பார்கள், ஓடு உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. இந்த மூன்றையும் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லத் தெரிந்த பிறகுதான் நல்ல செடிக்கு வந்தோம்.

நல்ல செடியில் முதலாவதாக அம்மா தேர்ந்தெடுத்தது ஆனை நெருஞ்சில். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. துளசி, கற்பூரவல்லி என்று தொடங்குவாள் என்று நினைத்தேன். “அதெல்லாம் வீட்லயே இருக்கு. இதக் காட்டுனா பிள்ளைக மறக்காது” என்றாள்.

தை மாதக் காலை. கடலுக்குப் போகும் மணல் பாதையோரம் முழங்கால் உயரத்தில் சதைப்பற்றான ஒரு செடி. ஓரம் நெளிந்த இலை, மஞ்சள் பூ, நாலு மூலையிலும் முள் வைத்த காய். இலையின் அடியில் தொட்டால் பிசுபிசுவென்று ஈரம். கசக்கினால் ஒரு மாதிரி மக்கிய நெடி. அம்மா ஒரு சின்னக் கொப்பை ஒடித்து மண்ணைத் தட்டிக் கழுவினாள். எவர்சில்வர் டம்ளரில் பாதிக்குக் குடிதண்ணீர். அதில் கொப்பை விட்டு, மோர் கடைவது போலச் சுழற்றினாள். பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நிறம் மாறவில்லை. இன்னும் சுற்றினாள். அப்புறம் கொப்பைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கினாள், தண்ணீரும் கூடவே வந்தது. முட்டை வெள்ளைக்கரு மாதிரி, நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. பாசி எடுக்கும் அக்காவின் மகன் ‘ஹே!’ என்று கத்தியே விட்டான். எல்லோரும் விரலை விட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்தாள், மொத்தமும் ஒரே கட்டியாகச் சரிந்து மணலில் விழுந்தது.

“இது எதுக்கு அம்மாச்சி?” என்று மகள் கேட்டாள்.

“ஒங்க தாத்தாவுக்குத்தான் ஆத்தா. வெயில்ல வலை இழுத்திட்டு வருவாக. ஒண்ணுக்குப் போறப்ப எரியும், நீர்க்கடுப்பு. இதக் கலக்கி ஒடனே குடிக்கணும். வச்சிருந்தா மறுபடி தண்ணியாப் போகும்.”

இன்னொரு அரை டம்ளர் கலக்கித் திண்ணையில் வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் முதல் வேலையாகப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். நேற்றைய நூல் இல்லை, நீர்த்துப் போயிருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க நான் என்ன புத்தகத்தைத் திறந்திருப்பேன்? அடுத்த சனிக்கிழமை அந்தப் பாதையில் ஆறு இடத்தில் ஆனை நெருஞ்சிலைக் காட்டினார்கள். தரையோடு படர்ந்து கிடக்கும் சிறுநெருஞ்சிலை ஒருவன் காட்டியபோது, மற்றவர்களே “இது கொழகொழன்னு வராது” என்று திருத்தினார்கள். இரண்டுக்கும் பேர் ஒன்றுபோல இருந்தாலும் இனம் வேறு என்று தாவரவியல் சொல்வதும் அதைத்தான்.

அடுத்தது அடப்பங்கொடி. தென்கடல் மணல்மேட்டில் கயிறு கயிறாக ஓடும், ஊதாப் பூ பூக்கும், கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கம் ஆட்டுக்கால் அடம்பு என்றும் சொல்வார்கள். சங்கப் பாட்டில் அடும்பு. மான் அடி போலப் பிளந்த இலை என்று அதில் சொல்லியிருக்கிறது, அந்தப் பூவைக் கொய்து பெண்பிள்ளைகள் மணலில் விளையாடியதும் வருகிறது. இதைச் சொன்னபோது பிள்ளைகளுக்குள் சண்டை வந்துவிட்டது. மான் அடியா, ஆட்டுக்காலா? எங்கள் பிள்ளைகள் மானைப் பார்த்ததில்லை. ஆடு போன தடம் பக்கத்திலேயே மணலில் பதிந்திருந்தது. ஒருவன் இலையைப் பறித்து அந்தத் தடத்துக்குள் வைத்தான். ஏறக்குறையப் பொருந்தியது. ‘ஆட்டுக்கால்தான்’ என்று தீர்ப்பு ஆயிற்று.

கரைவலைக்காரர்களுக்கு இந்தக் கொடி சொறிக்கு மருந்து. சொறி என்றால் இங்கே ஜெல்லிமீன். வலையில் வழவழவென்று வந்து கையில் இழுத்துவிட்டுப் போனால் சாட்டையால் அடித்த மாதிரி தடிக்கும். கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை எடுத்துவிட்டு, இலையைக் கசக்கிச் சாற்றைப் பிழிவார்கள். தாய்லாந்திலும் கடலோர மக்கள் இதே கொடியை இதற்கே பயன்படுத்துகிறார்கள். அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் இதன் சாறு ஜெல்லிமீன் நஞ்சைத் தணிக்கிறதா என்று சோதித்து, தணிக்கிறது என்று எழுதியும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்னது மூன்று: மணலைப் போட்டுத் தேய்க்காதே, நல்ல தண்ணீர் ஊற்றாதே, மூச்சு வாங்கினாலோ வாந்தி வந்தாலோ இலையைத் தேடிப் போகாமல் பெரியவர்களைக் கூப்பிடு. இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் இலையைப் பறிக்கும் வேலை.

இந்தக் கொடியை நினைத்தால் வருத்தமும் வருகிறது. மணல்மேட்டைச் சமன்படுத்தி வேலி போடும் இடத்தில் முதலில் போவது இதுதான். என் சின்ன வயதில் காற்றுக்கு உருண்டு ஓடும் இராவணன் மீசைப் புல்லின் முள்பந்தைத் துரத்திக்கொண்டு கால் கிலோமீட்டர் ஓடுவோம். இப்போது ஓடினால் நடுவில் ஒரு சுவர் வருகிறது. உள்ளே தரவையிலும் கண்மாயிலும் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது, அதன் அடியில் தும்பை கூட முளைப்பதில்லை. செடி இல்லாத இடத்தில் பிள்ளையை எதைப் பறிக்க அனுப்புவது?

கொஞ்சம் கடினமான செடி ஒன்றையும் எடுத்தோம். நித்தியகல்யாணி. எங்கள் ஊரில் சுடுகாட்டுப் பூ என்பார்கள், தலையில் வைக்க விடமாட்டார்கள். உப்புக்காற்றில், வெறும் மணலில், தண்ணீரே ஊற்றாமல் வருஷம் முழுக்கப் பூக்கும். இந்தச் செடியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டின்தான் பிள்ளைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு முக்கியமான மருந்துகளில் ஒன்று. அமெரிக்காவில் 1963-இல் அனுமதி கிடைத்தது. மருந்துக்காகவே நம் ராமநாதபுரம், தூத்துக்குடி வறண்ட நிலங்களில் இதைப் பயிரிட்டு இலையும் வேரும் ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு மதுரையில் வைத்துச் சிகிச்சை நடந்து, இப்போது எங்களோடு நடக்க வருகிறான். அவனுக்கு ஏறிய மருந்தில் இதுவும் ஒன்று. அவன் அந்தப் பூவுக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். “இதத் தின்னா நல்லாயிருமா அத்தை?” என்று கேட்டான். இல்லடா, பச்சையாய்த் தின்றால் விஷம், டாக்டர் அளந்து கொடுத்தால்தான் மருந்து என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான்.

இது நம்மூர்ச் செடியே இல்லை, மடகாஸ்கரிலிருந்து வந்தது. அடிபட்டால் பிழியும் வெட்டுக்காயப் பூண்டு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அப்பத்தாவுக்கு இது தெரியாது, தெரிந்திருந்தாலும் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். வந்த செடியையும் முகர்ந்து, கசக்கி, பல தலைமுறை பார்த்துப் பழகித்தான் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ‘சுதேசி மூலிகை’ என்று பெருமையடிப்பதை நான் பிள்ளைகளிடம் செய்வதில்லை.

மற்ற செடிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நொச்சியில் வேது பிடிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம், கொதிக்கும் பானைக்குப் பக்கத்தில் விடவில்லை. ஆவியில் பிள்ளைகள் வெந்துபோவது அடிக்கடி நடக்கும் விபத்து. அவர்கள் வேலை, காய்ந்த நொச்சி இலையைப் பழைய துணியில் அடைத்துத் தலைவலிக்காரத் தாத்தாக்களுக்குத் தலையணை தைப்பது. முடக்கத்தான் காயைப் பட்டென்று உடைத்து, உள்ளே கறுப்பு விதையில் இருக்கும் வெள்ளை இதயத்தை எண்ணினார்கள். இலை தோசைக்குப் போயிற்று. பனையேறி வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களுக்கு நுங்குத் தண்ணீரை வியர்க்குருவில் தடவக் கற்றுக்கொடுத்தார்கள், எனக்கும் சேர்த்து.

சில இடத்தில் அம்மாவும் நானும் ஒத்துப்போகவில்லை. கைப்பிள்ளைக்கு வசம்பு, ஜாதிக்காய் உரைத்துச் சங்கில் புகட்டும் உரைமருந்து எங்கள் வீட்டு வழக்கம். வசம்பை ராத்திரியில் பேர் சொல்ல மாட்டார்கள், ‘பேர் சொல்லாதது’ என்பார்கள், பிள்ளை வளர்ப்பான் என்றும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேர்கள் மேல் கொள்ளைப் பிரியம். ஆனால் ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று இன்றைக்கு மருத்துவர்கள் சொல்கிறார்கள், நான் அவர்கள் பக்கம். பேச்சு முற்றிப் போய் ஒரு வாரம் அம்மா நடக்க வரவில்லை. பிறகு ஒரு தீர்வுக்கு வந்தோம்: உரைகல்லில் உரைக்கும் விதத்தையும் வாசனையையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம், கைப்பிள்ளை வாயில் வைப்பதில்லை. கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. காய்ச்சல் இரண்டாம் நாளும் விடாமல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம். டெங்கு வந்த காலத்தில் நிலவேம்புக் குடிநீரை அரசே கொடுத்தது, நாங்களும் குடித்தோம். அப்போதும் ரத்தத் தட்டணுவை எண்ணிப் பார்க்காமல் இருக்கவில்லை.

போன ஐப்பசியில் நல்ல மழை. பத்து நாளில் கொல்லையெல்லாம் பச்சை. கீழாநெல்லி கிடைத்தால் மோரில் அரைத்துக் குடிப்பது அம்மாவின் வழக்கம். மகளைக் கூப்பிட்டு, “ஆத்தா, போய் ஒரு கைப்பிடி கீழாநெல்லி பறிச்சிட்டு வா” என்றாள். கால் மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம். நான் எட்டிப் பார்த்தேன். கிணற்றடியில் குத்தவைத்து ஒவ்வொரு செடியாக இலையைத் தூக்கி அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். இலைக் காம்பின் அடியில் கடுகு கடுகாகக் காய் வரிசை பிடித்திருந்தால்தான் அது கீழாநெல்லி.

வெறுங்கையோடு வந்தாள்.

“என்னத்தா, கிடைக்கலயா?”

“செடி இருக்கு அம்மாச்சி. இன்னும் காய் வைக்கல. அதுதானான்னு தெரியல, அதான் பறிக்கல.”

அம்மா ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். அப்புறம் மோர்ச் சட்டியை மூடி வைத்துவிட்டு, “சரி, அடுத்த வாரம் பார்ப்போம்” என்றாள்.